ஏழாம் பகுதியில் யாருமில்லை

விசாரணை அறிக்கையின் நான்காம் பக்கத்தில், மேலிருந்து ஒன்பதாவது வரியில், அந்தச் சொல் இருந்தது. செல்லக்கனி அதன்மீது சுட்டுவிரலை வைத்து, விரலை எடுக்காமலேயே பேசினாள். எடுத்தால் அந்தச் சொல் வேறு வரிக்கு ஓடி ஒளிந்துகொள்ளும் என்று அஞ்சியவளைப் போலிருந்தது.

"அத்துமீறி நுழைந்தவர்னு போட்டிருக்காவ. இருவத்திரண்டு வருசம் அந்த ரேஞ்சுக்குள்ள நடந்த மனுசன். கள்ளனுக்குப் போடுத வார்த்தைய அவியளுக்குப் போட்டிருக்காவ. இத மட்டும் எடுத்துத் தரச் சொல்லுங்கம்மா. வேற ஒண்ணும் நான் கேக்கல."

எதிரே அமர்ந்திருந்த ஜெசிந்தா அந்த வரியை முன்பே படித்திருந்தாள். அறிக்கையின் பின்னிணைப்பில் அவளுடைய கையெழுத்தும் இருந்தது. சுடுதளத்துக்குள் ஆள் இருப்பதைக் கண்டு சொல்லும் இயந்திரம் பிழையின்றி இயங்கியது என்று சான்றளித்தவள் அவளே.

பன்னிரண்டு நாள்களுக்கு முன்னர், கள்ளிப்பொட்டல் இராணுவச் சுடுதளத்தின் ஏழாம் பகுதியில், மோர்ட்டார் குண்டு ஒன்று வெடித்துக் கொம்பையா இறந்துபோனார். அவர் படைவீரர் அல்லர், வெளியாளும் அல்லர். தரையில் முட்டையிடும் ஆள்காட்டிப் பறவைகளின் கூடுகளைப் பாதுகாப்பதற்காகச் சுடுதள நிர்வாகமே அமர்த்தியிருந்த கூட்டுக்காவலர். செல்லக்கனி அவருடைய மனைவி. அறிக்கை சொன்னது இதுதான்: முதல் குண்டு பிற்பகல் ஒரு மணிக்குச் சுடப்பட்டது. அதுவரையில் ஏழாம் பகுதியில் மனிதர் எவரும் இல்லை என்று இயந்திரம் பதிவு செய்திருக்கிறது. ஒன்று ஒன்பதுக்குக் கொம்பையா இறந்தார். ஆகவே அவர், செங்கொடி ஏற்றப்பட்டுச் சுடுதல் தொடங்கிய பின்னரே, தடையை மீறி உள்ளே நுழைந்திருக்க வேண்டும்.

அன்று பதினொரு மணிக்கே தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு கணவர் வீட்டிலிருந்து புறப்பட்டார் என்று செல்லக்கனி விசாரணையில் சொல்லியிருந்தாள். சாட்சி வேறு யாருமில்லாததால், அது ஏற்கப்படவில்லை.

"குண்டு விழுத சத்தத்தக் கேட்டுக்கிட்டே உள்ள போறதுக்கு அவியளுக்கு என்ன கிறுக்கா?" என்றாள். "மிசினு ஆளில்லங்கு. நான் ஆளு போச்சுங்கேன். ரெண்டுல ஒண்ணுதான நெசம்?"

ஒலிப்பதிவுகளை மறுபடியும் முழுமையாகக் கேட்டுப் பார்ப்பதாக ஜெசிந்தா வாக்களித்தாள். செல்லக்கனி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பத்தரை. நேரமாகிவிட்டது என்று சொல்லி, அறிக்கையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, காபியைக்கூடக் குடித்து முடிக்காமல் எழுந்து போனாள்.

கள்ளிப்பொட்டலில் அந்தப் பறவைகள் எவ்வாறு எஞ்சின என்பதையும், இயந்திரம் எவ்வாறு வந்தது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். இரண்டாயிரத்து நாற்பத்தொன்றாம் ஆண்டில், அந்தச் சீமையின் வெட்டவெளிகள் அனைத்தும் சூரியத் தகடுகளால் மூடப்பட்டிருந்தன. மஞ்சள்மூக்கு ஆள்காட்டி, கூடு என்று எதையும் கட்டாது. கூழாங்கற்கள் கிடக்கும் பொட்டலில் ஒரு சிறு குழியைக் காலால் பறித்து, கற்களைப் போலவே தோன்றும் நான்கு முட்டைகளை அதில் இட்டுவிடும். இராணுவத்தின் வேலிக்குள் ஏர் வரவில்லை, வீடு வரவில்லை, தகடும் வரவில்லை. வெளியே மனிதரோடு வாழ்வதைக் காட்டிலும், உள்ளே குண்டுகளோடு வாழ்வது அவற்றுக்கு எளிதாயிருந்தது. நாற்பத்து மூன்று இணைகள் எஞ்சியிருந்தன.

ஆனால் சுடுதளத்திற்கு ஒரு வழக்கம் இருந்தது. சுடுவதற்கு முன்னால், ஆடு மேய்ப்பவரோ குண்டுச் சிதறலைப் பொறுக்க வருபவரோ உள்ளே இருக்கிறார்களா என்று பார்க்க, நாற்பது ஜவான்கள் வரிசையாக நின்று பொட்டலை ஓரத்திலிருந்து ஓரம்வரை நடந்து துழாவுவார்கள். நாற்பது இணை பூட்ஸுகளின் கீழ் ஒவ்வோராண்டும் முட்டைகள் நொறுங்கின. டிரோன்களைப் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். அவற்றின் நிழலைப் பருந்தென்று எண்ணித் தாய்ப் பறவைகள் எழுந்து ஓடின. தாய் எழுந்துபோன முட்டை பங்குனி வெயிலில் அரைமணி நேரம் தாங்காது. வெப்பத்தை அறியும் கேமராவையும் வைத்துப் பார்த்தார்கள். நண்பகலில் அந்த மண் மனித உடம்பைவிடச் சூடாயிருந்தமையால், கேமராவுக்கு ஆளும் தரையும் ஒன்றாகவே தெரிந்தன.

அப்போதுதான் ஒலியியல் ஆய்வாளரான ஜெசிந்தா அந்த யோசனையைச் சொன்னாள். ஊர் மக்கள் அந்தப் பறவையை ஆக்காட்டி என்கிறார்கள். ஆள் வருவதைக் கத்திக் காட்டிக் கொடுப்பதால் வந்த பெயர். நூறு கெஜத்துக்குள் மனிதர் வந்தால் அது கத்தாமல் இராது. நாயைக் கண்டால் ஒரு குரல், கீரியைக் கண்டால் வேறொரு குரல். அந்தக் குரல்களை இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்துவிட்டால், காவலுக்குப் பறவைகளே போதும். காலும் வேண்டாம், இறக்கை வைத்த இயந்திரமும் வேண்டாம்.

நூற்றுப்பன்னிரண்டு ஒலிவாங்கிக் கம்பங்கள் நடப்பட்டன. அவற்றைக் கேட்டுப் பொருள் சொல்லும் இயந்திரத்துக்குச் 'செவி' என்று பெயரிட்டார்கள். செவிக்கு வேண்டிய ஒலியகராதியை ஜெசிந்தா தனியே உருவாக்கவில்லை. பதிவான ஒவ்வொரு குரலையும் அவள் ஒலிக்கவிடுவாள். பக்கத்து நாற்காலியின் விளிம்பில் அமர்ந்து கொம்பையா பொருள் சொல்லுவார். அவள் தட்டச்சு செய்துகொள்வாள். அந்தப் பறவைகளின் பேச்சை அவரைவிட அறிந்தவர் எவருமில்லை.

செவி ஐந்தாண்டுகளில் பத்தொன்பது முறை சுடுதலை நிறுத்தி மனித உயிர்களைக் காத்தது. அதன்பின் அதன்மேல் எல்லாருக்கும் நம்பிக்கை வந்துவிட்டது. ஜவான்களின் துழாவல் நின்றது. அடைகாக்கும் மாதங்களில், சுடுமுன் எச்சரிக்கைச் சங்கு ஊதுவதும் நின்றது. அதன் ஓசைக்குப் பறவைகள் பதறுகின்றன என்று எழுதிக் கேட்டவள் ஜெசிந்தா. கூட்டுக்காவலர்கள் வந்துபோகும் மேற்குச் சிறுவாயிலில் வைத்திருந்த வருகைப் பதிவேட்டையும் எடுத்துவிட்டார்கள். உள்ளே இருப்பவரை எண்ணச் செவி இருக்கையில் ஏடு எதற்கு? அந்த ஒவ்வொரு மாற்றத்தின்போதும் கொம்பையா அவளிடம் வந்து, ரொம்ப நல்ல காரியம் செய்தீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சம்பவ நாளன்று சுடுதல் மாலை நான்கு மணிக்கென்று குறிக்கப்பட்டிருந்தது. செவி காலி என்று காட்டியதால் ஒரு மணிக்கே தொடங்கிவிட்டார்கள். மாற்றம் தலைவாயிலுக்கு மட்டுமே அறிவிக்கப்பட்டது. செங்கொடியும் அங்கேதான் ஏறியது. ஏழாம் பகுதிக்கும் அதற்கும் இடையில் ஒரு மண்மேடு இருந்தது.

ஜெசிந்தா ஒலிக்கூடத்தின் கதவைச் சாத்திக்கொண்டு, எழுபத்து நான்காம் கம்பத்தின் பதிவைக் காலை ஆறு மணியிலிருந்து கேட்கத் தொடங்கினாள். ஏழாம் பகுதியில் அந்த ஆண்டு ஒரே ஓர் இணைதான் முட்டையிட்டிருந்தது. அந்தக் குழிக்கு மிக அருகில் இருந்த கம்பம் அது. காற்று. பருந்து ஒன்றைக் கண்டு ஒரு கத்தல். மறுபடியும் காற்று. பதினொன்று முப்பத்தெட்டுக்கு, தாழ்ந்த குரலில் இரண்டு சுரங்களாக ஒரு சிறு கூவல் கேட்டது. திரையில் அதற்கு நேரே செவி தன் குறிப்பை எழுதியது: யாருமில்லை.

அந்தக் கூவல் பன்னிரண்டு ஐம்பத்தைந்துவரை பதினான்கு முறை வந்தது. பதினான்கு முறையும் செவி அதே குறிப்பை எழுதியது. விசாரணையின்போதும் ஜெசிந்தா இதைப் பார்த்திருந்தாள். ஆபத்து எதுவும் அருகில் இல்லாதபோது பறவை அமைதியாகத் தனக்குள் எழுப்பும் ஓசை என்றே அதை அவள் கருதியிருந்தாள். யாருமில்லை என்பது, அவள் சான்றளித்ததற்கு ஆதாரமாகவே அப்போது தோன்றிற்று.

இப்போது வேறொன்று தோன்றியது. நாய், கீரி, பருந்து, மாடு, ஆள் என்று அகராதியிலிருந்த குறிப்புகள் அனைத்தும் பறவை எதைக் கண்டது என்பதைச் சொல்லின. இது ஒன்றுமட்டும் காணாததைச் சொன்னது. காணாத ஒன்றுக்குப் பறவை எதற்குத் தனியாக ஒரு குரல் வைத்துக்கொள்ள வேண்டும்?

அகராதி உருவான நாள்களின் பதிவுகளை அவள் அழிக்காமல் வைத்திருந்தாள். தேதியைத் தேடி எடுத்தாள். ஆறு ஆண்டுகளுக்கு முந்தைய மாசி மாதத்துப் பிற்பகல் ஒன்று. மின்விசிறியின் ஓசை. கொம்பையா செருமிக்கொள்ளும் ஓசை. "இது ஆளக் கண்டு கத்துத சத்தம்லா. தொண்டையக் கிழிச்சுரும்," என்றார். தட்டச்சு ஓசை. இது நாய் என்றார், இது கீரி என்றார். பிறகு அந்த இரண்டு சுரக் கூவல் ஒலித்தது. இது யாரைப் பார்த்து அண்ணாச்சி என்று ஆறு ஆண்டு இளைய ஜெசிந்தா கேட்டாள்.

"இதா? இது யாருமில்லம்மா."

உடனே விசைப்பலகையின் படபடப்பு. அவள் எழுதிக்கொண்டுவிட்டாள். ஆனால் படபடப்புக்கு அடியில் ஏதோ இருந்தது. ஜெசிந்தா அந்த இடத்தை வெட்டியெடுத்து, விசைகளின் ஓசையைப் பிரித்து நீக்கி, மறுபடியும் ஒலிக்கவிட்டாள். கூச்சத்தோடு சிரித்துக்கொண்டே கொம்பையா தம் வாக்கியத்தை முடித்திருந்தார்.

"நாந்தான்."

யாருமில்ல, நாந்தான். வாசலில் நிழலாடினால் யாரென்று கேட்கிறோம். வந்தவர் அப்படித்தானே விடை சொல்லுகிறார். ஜெசிந்தாவும் அப்படிச் சொல்லியே வளர்ந்தவள். அவளுடைய அப்பா கடலுக்குப் போய்த் திரும்பிக் கதவைத் தட்டும் ஒவ்வொரு விடியலிலும் அப்படித்தான் சொல்லுவார். அந்த விடையின் முதற்பாதியை மட்டும் தனியே எடுத்துப் பொருள் கொள்ள, தமிழ் அறிந்த எவராலும் முடிந்திராது. அவளால் முடிந்திருக்கிறது. அவசரத்தில், அடுத்த குரலை ஒலிக்கவிடும் ஆவலில், ஒரு மனிதர் தம்மைப் பற்றிச் சொன்னதை அவர் இல்லை என்பதற்கான குறிப்பாக அவள் எழுதிவிட்டாள்.

பறவைகள் அவருக்குப் பயந்து கத்துவதை எப்போதோ விட்டிருந்தன. அவரைக் காட்டித் தமக்குள் சொல்லிக்கொள்ள ஒரு மெல்லிய சொல்லை வைத்திருந்தன. இறந்த நாளன்று அதைப் பதினான்கு முறை சொல்லவும் செய்தன.

அழுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருந்தது. இரண்டு நாளில் புதிய படைப்பிரிவு ஒன்று சுடப் போகிறது. அவள் அகராதியைத் திறந்து, யாருமில்லை என்ற குறிப்பை நீக்கி, அந்த இடத்தில் கொம்பையா என்று எழுதினாள்; ஆள் என்ற வகையில் சேர்த்தாள். பழைய பதிவுகள் முழுவதையும் புதிதாகப் படிக்கும்படி செவிக்குக் கட்டளையிட்டாள்.

திரையில் அவருடைய ஆறாண்டு வாழ்வு வரிவரியாக இறங்கியது. இந்தத் தேதி, இந்தப் பகுதி, இத்தனை மணி, கொம்பையா. அவர் காய்ச்சலில் கிடந்த நாள்களும், கோயில் கொடைக்குப் போயிருந்த நாள்களும் வெற்றிடங்களாக நின்றன. சம்பவ நாளும் வந்தது. ஏழாம் பகுதி, பதினொன்று முப்பத்தெட்டு முதல் பன்னிரண்டு ஐம்பத்தைந்து வரை, கொம்பையா. செல்லக்கனி சொன்னது மெய் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பட்டியல் அதோடு நிற்கவில்லை.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், ஏழாம் பகுதி, பதினொன்று நாற்பது, கொம்பையா. நான்காம் நாள், ஐந்தாம் நாள், நேற்று. ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் அதே பெயர். அவரைத் தேடி அந்தப் பறவைகள் கூவுகின்றன என்று ஜெசிந்தா ஒரு கணம் நம்பினாள். நம்ப விரும்பினாள் என்பதே சரி. பிறகு நேற்றைய பதிவை ஒலிக்கவிட்டு, ஒலியைக் கூட்டினாள். கேனிலிருந்து மண்தட்டில் தண்ணீர் விழும் ஓசை. அதன்மேல், தாழ்ந்த பெண்குரல் ஒன்று யாரிடமோ பேசிக்கொண்டிருந்தது.

பட்டியலின் கடைசி வரி அப்போதுதான் வந்து விழுந்தது. இன்று, பதினொன்று நாற்பத்திரண்டு. கடிகாரம் பதினொன்று ஐம்பதைக் காட்டியது. மனிதர் உள்ளே இருப்பதாகத் தெரிந்தால் செவி எவரிடமும் கேளாமல் காவலறைக்குத் தகவல் அனுப்பிவிடும். அப்படி அதை அமைத்தவளும் அவளே.

அவள் மேற்குச் சிறுவாயிலை அடைந்தபோது, காவலறையின் ஜீப் முன்பே வந்து நின்றிருந்தது. இரண்டு ஜவான்களுக்கு நடுவில் செல்லக்கனி நின்றாள். சேலையின்மேல் கணவரின் வெளுத்த காக்கிச் சட்டையைப் போட்டிருந்தாள். கையில் அவருடைய கேன். அந்த உடுப்பையும் கேனையும் கண்டுதான் பறவைகள் அவரென்று எண்ணின போலும். அவளுடைய கழுத்தில் சிறுவாயிலின் சாவி தொங்கியது. அதைத் திருப்பி வாங்கிக்கொள்ள எவருக்கும் நினைவு வரவில்லை.

சுபேதார் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். அவள் அவருக்கு விடை சொல்லாமல் ஜெசிந்தாவைப் பார்த்தே பேசினாள்.

"குளம் வத்திட்டு. நெஞ்சு நனைக்க அதுக்குத் தண்ணி வேணும்லா. இல்லன்னா முட்ட வெந்துரும்."

தாய்ப் பறவை தன் அடிவயிற்று இறகுகளை நீரில் நனைத்து வந்து முட்டைகளைக் குளிர்விக்கும். குளம் வற்றிய அந்த ஆண்டில், குழியிலிருந்து பத்தடி தள்ளிக் கொம்பையா ஒரு மண்தட்டைப் பதித்து, நாள்தோறும் நீர் ஊற்றிவந்தார். அவர் போன பின்பும் அந்த வேலை நிற்கவில்லை. அகராதியைத் திருத்தியிராவிட்டால், இரண்டு நாள் கழித்துப் புதிய படைப்பிரிவு சுடும் வேளையில் செல்லக்கனி அங்கே குனிந்து நீர் ஊற்றுகையில், பறவை அவளைக் கண்டு மெல்லக் கூவியிருக்கும். செவி யாருமில்லை என்று எழுதியிருக்கும். ஜெசிந்தா ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

மேஜர் தணிகைவேலின் அறைக்கு வெளியே ஒரு மரப்பெஞ்சு கிடந்தது. அங்கேதான் ஜெசிந்தா அவளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். தன் பிழையை முதலில் சொன்னாள். பிறகு கையடக்கக் கருவியில் அந்தக் கூவலை ஒலிக்கவிட்டு அவள் காதருகே பிடித்தாள்.

"அவியளுக்குன்னு ஒரு சத்தமா?" என்றாள் செல்லக்கனி. மறுபடி கேட்க வேண்டும் என்றாள். நான்கைந்து முறை கேட்டாள். அவள் முகத்தில் கோபம் வரும் என்று ஜெசிந்தா காத்திருந்தாள், வந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பாள்.

"அந்த ரெண்டாவது வார்த்தையையும் அன்னைக்கு எழுதியிருக்கலாம்மா," என்றாள் செல்லக்கனி. அவ்வளவுதான் சொன்னாள்.

அடுத்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டியிருந்தது. பிழை தன்னுடையது என்று ஜெசிந்தா எழுதிக் கொடுத்தால் அறிக்கையிலுள்ள சொல் நீங்கும். ஆனால் செவியின்மேல் இருந்த நம்பிக்கையும் நீங்கும். மறுபடியும் நாற்பது பேர் பொட்டலைத் துழாவி நடப்பார்கள்.

"ஏழாம் பகுதியிலயும் நடப்பாவளா?"

"நடப்பாங்க அக்கா."

செல்லக்கனி சட்டையின் பொத்தான் ஒன்றைத் திருகினாள்.

"அவிய இருந்தா, எம்பேரு கெடந்துட்டுப் போவுது, முட்டையப் பாருங்கம்பாவ. நான் அவிய இல்லல்லா. எனக்கு அவிய பேருதான் வேணும்."

மேஜர் தணிகைவேல் குடியாத்தத்துக்காரர். கடுமையாகப் பேசத் தெரியாதவர். ஜெசிந்தா கொண்டுவந்த பட்டியலை இரண்டு முறை படித்துவிட்டு, மேசைமேல் கவிழ்த்து வைத்தார். பெயரைத் திருத்தியாயிற்றே, இனி இயந்திரம் சரியாகத்தானே சொல்லும், அதோடு விட்டுவிடலாமே என்றார். அந்தம்மாவின் மேல் நடவடிக்கை எதுவும் வராமல் தாமே பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். அறிக்கையில் கொம்பையா அத்துமீறியவராகவே இருக்கிறாரே என்றாள் ஜெசிந்தா.

"அந்த வார்த்தையை எடுத்தா வேற வார்த்தை போடணும் மேடம். டூட்டியில உள்ளே இருந்தார்னு போடணும். உள்ளே இருந்தவரைச் செவி ஏன் சொல்லலன்னு கேப்பாங்க. ஒரு வார்த்தை தப்புன்னு நீங்க சொன்னா, மத்ததெல்லாம் சரின்னு யார் நம்புவாங்க? ஆறு வருசமா நீங்க காப்பாத்தினது எல்லாம் ஒரே நாள்ல போயிடும்."

ஜெசிந்தா கவிழ்த்த பட்டியலை நிமிர்த்தி வைத்தாள். மேஜர் அதைப் பார்த்தார். பிறகு சன்னலைப் பார்த்தபடி, முன்னைவிடத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"சுடுன்னு சொன்னது நான். அறிக்கையில எந்தப் பக்கத்திலயும் அது இல்ல."

ஜெசிந்தா அன்று மாலை நான்கு பக்கங்களில் வாக்குமூலம் எழுதினாள். மேஜர் அதன் கீழே, யாரும் கேளாமலே, தம் பங்கை ஆறு வரிகளில் சேர்த்துக் கையொப்பமிட்டார். மேலிடத்திலிருந்து விடை வர ஐந்து நாளாயிற்று; அதுவரை மேஜர் சுடுதலைத் தள்ளிவைத்தார், ஒரு ஜவானின் துணையோடு செல்லக்கனியே தண்ணீர் ஊற்றிவந்தாள். திருத்திய அறிக்கையில் கொம்பையா பணியின்போது உயிரிழந்தார் என்று இருந்தது. செவியின் இயக்கம் நிறுத்தப்பட்டு, கம்பங்கள் ஒலியைப் பதிவு செய்வதற்கு மட்டும் அனுமதிக்கப்பட்டன. அதே உறையில் இன்னொரு தாளும் இருந்தது. பட்டியலின் கடைசி வரிகளை மேலிடமும் படித்திருந்தது. செல்லக்கனியின்மேல் நடவடிக்கை வேண்டாம் என்று மேஜர் எழுதிய பரிந்துரை ஏற்கப்படவில்லை. தடைசெய்யப்பட்ட இராணுவ நிலத்துள் பத்து நாள் அத்துமீறி நுழைந்தவர் செல்லக்கனி, கணவர் பெயர் கொம்பையா. அவர் இனி வேலியருகே வரலாகாது. சாவி பறிமுதல் செய்யப்படுகிறது.

இரண்டு தாள்களையும் ஜெசிந்தாவே கொண்டுபோய்க் கொடுத்தாள். செல்லக்கனி முதல் தாளை நிதானமாகப் படித்தாள். பணியின்போது என்ற சொல்லை வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். இரண்டாவது தாளைப் படித்து முடித்ததும் அவள் முகம் மாறவில்லை.

"எம்பேருக்கா? போட்டுக்கிடட்டும். நான் நுழைஞ்சவதான," என்றாள். முட்டை பொரிக்க இன்னும் ஆறு நாள் இருக்கிறது என்றும், தண்ணீர் ஊற்ற யாரையாவது அனுப்ப முடியுமா என்றும் கேட்டாள். ஜெசிந்தா தானே போவதாகச் சொன்னாள். போனாள். அவளைக் கண்டதும் அந்த இணை தொண்டை கிழியக் கத்தியது. தட்டை நிரப்பிவிட்டு விரைந்து விலகினாள். அவள் தொலைவில் மறையும்வரை கத்தல் ஓயவில்லை. நான்கு நாள் இப்படிச் சென்றது.

ஐந்தாம் நாள் துழாவல் நடந்தது. வரிசை கிளம்புமுன் ஜெசிந்தா ஜவான்களிடம் கூடுகளின் படத்தைக் காட்டிப் பேசியிருந்தாள். அவர்கள் கவனமாகவே நடந்தார்கள். அவள் ஒலிக்கூடத்தில் அமர்ந்து, ஒவ்வொரு கம்பத்திலும் ஆள், ஆள் என்று கத்தல் எழுந்து அடுத்த கம்பத்துக்கு நகர்வதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஏழாம் பகுதிக்கு வந்ததும் கத்தல் அங்கேயே நின்றுவிட்டது. பத்து நிமிடம் ஆயிற்று. இருபது ஆயிற்று. வரிசை ஏன் நகரவில்லை என்று அவளுக்கு விளங்கவில்லை. வயர்லெஸ்ஸில் கூப்பிட்டாள், சுபேதாரை அழைத்துத் தர அவர்களுக்கு மேலும் நேரமாயிற்று.

நடந்தது இதுதான். ஜவான் ஒருவன் முட்டைகளைப் பார்த்துவிட்டான். எவரும் மிதித்துவிடக் கூடாதே என்று கையுயர்த்தி அனைவரையும் நிறுத்தினான். குழியைச் சுற்றிக் கல் அடுக்கினான். மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து, தொடாமல், குனிந்து பார்த்தார்கள். ஊரில் தன் வயலிலும் இப்படி ஒரு பறவை உண்டென்று ஒருவன் சொல்ல, மற்றவர்கள் கேட்டுக்கொண்டு நின்றார்கள். தாயும் தந்தையும் தலைக்குமேல் சுற்றிச் சுற்றிக் கத்தின. அவற்றுக்கு இறங்க இடமில்லை. நண்பகல் வெயில் அந்தக் கற்களின்மேல் நேராக விழுந்துகொண்டிருந்தது. நாற்பது நிமிடம். ஒரு பூட்ஸும் அந்த முட்டைகளின்மேல் படவில்லை.

மாலையில் ஜெசிந்தா போய்ப் பார்த்தாள். மண்தட்டில் நீர் இருந்தது. முட்டைகள் நான்கும் முழுதாக இருந்தன. ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்தாள். பறவைகள் அங்கே இல்லை. அவளைக் கண்டு கத்த எதுவும் இல்லை.

மறுநாள் செல்லக்கனி தொலைபேசியில் அழைத்தாள். கணக்குப்படி அன்றுதான் பொரிக்க வேண்டிய நாள். அவள் நேராக அதைக் கேட்கவில்லை. வெயில் எப்படி, தட்டு உடையாமல் இருக்கிறதா, சாப்பிட்டீர்களா என்றெல்லாம் கேட்டாள். ஜெசிந்தா ஒவ்வொன்றுக்கும் விடை சொன்னாள். பிறகு இருவருக்கும் கேட்க எதுவும் மிஞ்சவில்லை.

"பொரிச்சிட்டாம்மா?"

பொரித்துவிட்டது என்று சொல்ல ஒரே ஒரு சொல் போதும். செல்லக்கனியால் இனி வேலியருகே வந்து பார்க்க இயலாது. ஜெசிந்தாவின் வாயில் அந்தச் சொல் வந்து நின்றது. ஆனால் அவள் நடந்ததை நடந்தபடியே, கல் அடுக்கிய ஜவானையும் விடாமல், கடைசிவரை சொன்னாள்.

மறுமுனையில் ஓசையில்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று எண்ணி அவள் அக்கா, அக்கா என்று அழைத்தாள்.

"இருக்கேம்மா," என்றாள் செல்லக்கனி. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "நீங்க அழாதிய. அவியகிட்ட நான் பைய சொல்லிக்கிடுதேன்."